வீட்டு மொழிக்குத் தேர்வுத் தேதி இல்லை: பல மொழிகளை ஒருசேரக் கற்கத் தொடங்குபவர்களுக்கு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 42 லட்சத்துக்கும் மேல். எங்கள் வீடும் அந்தக் கணக்கில் அடக்கம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில் அவ்வாவும் (பாட்டி) நைனாவும் (அப்பா) பேசிய தெலுங்கைக் கேட்டு வளர்ந்தேன். பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படித்தேன். தெலுங்கில் என் பெயரை எழுதத் தெரியாமலே முப்பது வயதைத் தாண்டினேன். பிறகு வேலை நிமித்தம் ஜெர்மன் கற்க வேண்டி வந்தது. போபாலில் இரண்டு ஆண்டுகள் குடியிருக்க நேர்ந்ததால் இந்தி தேவைப்பட்டது. சூட்டோடு சூடாகத் தெலுங்கையும் எழுதப் படிக்கக் கற்றுவிடலாம் என்று மூன்றாவது சுமையை நானாகவே தலையில் ஏற்றிக்கொண்டேன். நான்கு மாதங்களில் மூன்றும் நின்றுபோயின.

அந்தத் தோல்விக்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நிதானமாகப் பார்த்தபோது வேறொன்று புலப்பட்டது. ஜெர்மனுக்குத் தேர்வுத் தேதி இருந்தது, இந்திக்கு வாசலில் நிற்கும் பால்காரர் இருந்தார், தெலுங்குக்கு மட்டும் கேட்பார் யாரும் இல்லை. தேதி உள்ள மொழி தேதி இல்லாத மொழியின் நேரத்தைத் தின்றுவிடுகிறது. தின்னக் கொடுத்த மொழி நம் சொந்த வீட்டு மொழியாக இருக்கும்போது ஏற்படும் குற்ற உணர்வு மற்ற இரண்டையும் சேர்த்துச் சோர்வடையச் செய்கிறது. ஆகவே கீழே சொல்லப்போகும் வழிமுறைகளில் பாதிக்கு மேல் வீட்டு மொழியைப் பற்றியே இருக்கும். என் உதாரணங்கள் தெலுங்கிலிருந்து வந்தாலும், வீட்டில் சௌராஷ்டிரமோ கன்னடமோ உருதுவோ பேசி வளர்ந்தவர்களும், கோலாலம்பூரிலோ டொரண்டோவிலோ தமிழை இதே நிலையில் வைத்திருப்பவர்களும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில்: ஒவ்வொரு மொழிக்கும் ஒரு வேலையை எழுதிக் கொடுங்கள்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் பிரெஞ்சு கற்ற பள்ளி மாணவர்களை ஆராய்ந்த ராபர்ட் கார்ட்னர், வாலஸ் லாம்பர்ட் என்னும் உளவியலாளர்கள் 1959இல் வெளியிட்ட கட்டுரையில், மொழி கற்பவரின் நோக்கத்தை இரு வகையாகப் பிரித்தார்கள். வேலை, தேர்ச்சி போன்ற பயனுக்காகக் கற்பது ஒரு வகை; அம்மொழி பேசும் மக்களோடு ஒன்றிப் பழக விரும்பிக் கற்பது மற்றொரு வகை. பல மொழிகளை ஒருசேரக் கற்பவர் செய்யும் முதல் தவறு, இந்த இரு வகைகளையும் ஒரே அட்டவணையில் ஒரே அளவுகோலோடு வைப்பதுதான். தேர்வு மொழியை மதிப்பெண்ணால் அளக்கலாம். வீட்டு மொழியை மதிப்பெண்ணால் அளக்கப் புகுந்தால் அது வீட்டு மொழியாக இருப்பதை நிறுத்திவிடும்.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மொழிக்கும் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘தெலுங்கு கற்க வேண்டும்’ என்று எழுதினால் அது ஆசை; அதிலிருந்து நாளைக் காலை என்ன செய்வது என்று தெரியாது. என் தாளில் ஜெர்மனுக்கு எதிரே ‘பி1 தேர்வின் நான்கு பகுதிகளிலும் அறுபது எடுக்க வேண்டும்’ என்று எழுதினேன். ஜெர்மன் கற்பிக்கும் கோத்தே நிறுவனத்தின் அந்த இடைநிலைத் தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனியே நூறு மதிப்பெண்; ஒவ்வொன்றிலும் அறுபது எடுத்தால் தேர்ச்சி; பகுதிகளைத் தனித்தனியாகவும் எழுதலாம் என்பதால் இலக்கை நான்காக உடைத்துக்கொள்ள முடிந்தது. இந்திக்கு எதிரே ‘தண்ணீர் வராத நாளில் வீட்டுக்காரரிடம் ஆங்கிலம் கலக்காமல் பேச வேண்டும்’ என்று எழுதினேன். தெலுங்குக்கு எதிரே என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்து, கடைசியில் ‘அவ்வா சொல்லும் பஞ்ச காலத்துக் கதைகளை அவர் சொல்லும் தெலுங்கிலேயே எழுதி வைக்க வேண்டும்’ என்று எழுதினேன். அந்த வாக்கியம் அமைந்த பிறகுதான் எனக்கு எழுத்து தேவை, கேட்கும் பயிற்சி தேவை, இலக்கணப் புத்தகம் இப்போதைக்குத் தேவையில்லை என்பதெல்லாம் தெளிவாயின.

அடுத்து: ஒரு மொழியை முன்னே விடுங்கள்

இரண்டு மொழிகளை அரிச்சுவடியிலிருந்து ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்குத் தமிழோ தெலுங்கோ கற்பிக்க 44 வாரங்கள், ஏறத்தாழ 1,100 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுகிறது. அது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்கான கணக்கு. தமிழ் தெரிந்தவருக்குத் தெலுங்கு அவ்வளவு தொலைவில் இல்லை. ஆனாலும் ஓர் அந்நிய மொழி எவ்வளவு நேரம் கேட்கும் என்பதற்கு அந்த எண் உதவும். நாளுக்கு அரை மணி நேரம் என்றால் 1,100 மணி நேரத்துக்கு ஆறு ஆண்டுகள் ஆகும். கையில் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தை மூன்றாகப் பங்கிட்டால் மூன்று மொழிகளிலும் ஆறு ஆண்டுகள் தொடக்கநிலைக்காரராகவே இருக்கிறோம் என்று ஆகிறது. எதிலும் முன்னேற்றம் கண்ணில் படாததால், எட்டாவது வாரத்திலேயே மனம் விட்டுப்போகிறது.

எனவே மூன்று மாதத்துக்கு ஒரு மொழி முன்னே போகட்டும். அதற்கு நாளுக்கு ஒரு மணி நேரம். மற்ற இரண்டுக்கும் பத்துப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் புதிதாக எதையும் கற்க வேண்டாம், தெரிந்ததைத் தொட்டுக்கொண்டால் போதும். தேர்வு நாட்காட்டியை வைத்து இந்தச் சுற்றை அமைப்பது எளிது. 1918இல் காந்தியடிகள் தொடங்கி வைத்து இன்று சென்னை தியாகராய நகரிலிருந்து இயங்கும் தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகள் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கின்றன. நீங்கள் அதை எழுதுகிறீர்கள் என்றால் நவம்பர் முதல் ஜனவரி வரை இந்தி முன்னே போகலாம், தேர்வு முடிந்த மறுநாள் அதை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை ஏற்றலாம். (சபையின் தேர்வுகளில் பிராத்மிக்கில் தொடங்கி பிரவீண் வரை ஏறிய பின்னும் போபால் ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்கத் தயங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு. தேர்வு ஒரு நல்ல கடிவாளம்; ஆனால் அது குதிரை ஆகாது.)

வீட்டு மொழியை எப்போது முன்னே விடுவது என்பது தனிக் கேள்வி. என் கருத்தில், எந்தத் தேர்வும் இல்லாத கோடை மாதங்களில், குறிப்பாக ஊருக்குப் போகும் காலத்தில் விட வேண்டும். கேட்கக் காதும் திருத்த வாயும் அங்கேதான் இருக்கின்றன.

வீட்டு மொழியில் ஏற்கெனவே உள்ள இருப்பைக் கணக்கெடுங்கள்

‘எனக்குத் தெலுங்கு சரியாக வராது’ என்று இருபது ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தவறான கணக்கு என்பது ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கிப் பிரித்து எழுதியபோதுதான் தெரிந்தது. சமையல், வயல், உடம்புக்கு முடியாமை, உறவு முறை, கோபம், பணம், அரசியல், அலுவலகம் என்று பக்கத்துக்கு ஒரு தலைப்பு இட்டு, தெரிந்த சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதினேன். வயல் பக்கம் அரை மணி நேரத்தில் நிறைந்தது. பருத்திக்குப் பத்தி, கம்புக்கு சஜ்ஜலு, சோளத்துக்கு ஜொன்னலு, உளுந்துக்கு மினுமுலு என்று சொற்கள் தாமாக வந்து விழுந்தன. கோபத்துக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது. அவற்றை இங்கே எழுத முடியாது. ஆனால் அரசியல் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. எங்கள் வீட்டில் தேர்தலும் அரசாங்கமும் தமிழிலேயே பேசப்பட்டன. ‘எந்நிகலு’, ‘பிரபுத்வம்’ என்னும் தெலுங்குச் சொற்களை நான் முதன்முதலில் செய்தித்தாளில்தான் பார்த்தேன்.

இந்த நோட்டு இரண்டு வேலைகளைச் செய்கிறது. தொடக்கநிலைப் பாடநூலின் முதல் பத்துப் பாடங்கள் உங்களுக்குத் தேவையில்லை என்பதைக் காட்டுகிறது; அவற்றைப் பொறுமையாகப் படிக்க முயன்று சலித்துப்போனவர்களே வீட்டு மொழியைப் பாதியில் விட்டவர்களில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்று, எந்தப் பக்கம் வெறுமையாக இருக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம் என்று வழி காட்டுகிறது.

தமிழ் அறிந்தவர் தெலுங்கு கற்கும்போது கணக்கில் வராத இன்னோர் இருப்பும் உண்டு. சென்னையில் ஆட்சியராக இருந்த எல்லிஸ் 1816இலேயே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று எடுத்துக்காட்டியிருந்தார். அந்த உறவைக் கற்பவர் தம் கையிலேயே உணரலாம். ஏழு ‘ஏடு’ ஆகிறது, கோழி ‘கோடி’ ஆகிறது. உரல் தன் முதல் உயிரை இடம் மாற்றி ‘ரோலு’ ஆகிறது. நாம் பத்தாம் வகுப்பில் ‘சால, உறு, தவ, நனி, கூர், கழி’ என்று மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்த உரிச்சொற்களில் முதலாவது, தெலுங்கில் ‘சாலா’ என்று நாள்தோறும் நூறு முறை ஒலிக்கிறது. ‘செப்பு’ என்று நாம் செய்யுளில் மட்டும் கண்டதை அவர்கள் தொலைபேசியில் சொல்கிறார்கள். வாரத்துக்கு இப்படி ஐந்து இணைகளைக் கண்டுபிடித்து எழுதிவைப்பது எந்தச் செயலியும் தராத உற்சாகத்தைத் தரும். சி. பி. பிரவுன் 1852இல் வெளியிட்ட தெலுங்கு அகராதி சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. ஐயம் வந்தால் அங்கே பாருங்கள்.

வெட்கத்துக்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள்

வீட்டு மொழி நின்றுபோவதற்குக் கடினம் காரணமாக இருப்பது அரிது. பெரும்பாலும் யாரோ ஒருவர் சிரித்திருப்பார்.

எனக்கு அது சித்தூரில் ஒரு கல்யாண வீட்டில் நடந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், எங்கே போகிறீர்கள் என்று எங்கள் வீட்டு வழக்கில் ‘போ’ என்னும் வினையை வைத்துக் கேட்டேன். பொதுத் தெலுங்கில் மரியாதைக்கு ‘வெள்ளு’ என்னும் வினை உண்டு. ‘போ’ அங்கே வெடுக்கென்று ஒலிக்கும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்துக்கொண்டே, ‘அரவத் தெலுகு’ என்று எதிர் வரிசைக்குச் சொன்னார். அரவம் என்றால் அவர்கள் வழக்கில் தமிழ். நாம் அவர்களை வடுகர் என்று சொன்னதற்கு அது சரியாகப் போயிற்று என்று இன்று சொல்ல முடிகிறது. அன்று அந்தப் பந்தியில் அதற்குப் பிறகு நான் தமிழில் மட்டுமே சாம்பார் கேட்டேன். அடுத்த எட்டு மாதங்கள் தெலுங்கு நோட்டைத் திறக்கவில்லை.

அதிலிருந்து மீள எனக்கு உதவியது வரலாறு. தெலுங்கு பேசும் குடும்பங்களில் பல, விஜயநகரப் பேரரசும் மதுரை நாயக்கர்களும் ஆண்ட நூற்றாண்டுகளில் தமிழ் நிலத்துக்கு வந்து தங்கியவை. அவர்கள் கொண்டுவந்த தெலுங்கு இங்கே தமிழோடு கலந்து தன் வழியில் வளர்ந்தது. ஆந்திரத்தில் இருந்த தெலுங்கு அங்கே தன் வழியில் மாறியது. இன்று பாடநூலிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கும் பொதுத் தெலுங்குக்கு அடிப்படை கிருஷ்ணா, கோதாவரிக் கரை மாவட்டங்களின் பேச்சு. அந்தப் பேச்சுத் தெலுங்குகூட எழுத்தில் எளிதாக ஏறிவிடவில்லை. பண்டிதர்களின் நடைக்கு எதிராக, மக்கள் பேசுவதே எழுத்துக்கும் உரியது என்று கிடுகு ராமமூர்த்தி வாழ்நாள் முழுவதும் வாதாட வேண்டியிருந்தது. அவர் பிறந்த ஆகஸ்ட் 29 இன்று தெலுங்கு மொழி நாளாகக் கொண்டாடப்படுகிறது. பேச்சு வழக்கு இப்படிப் போராடித்தான் பாடநூலுக்குள் நுழைந்தது என்று அறிந்த பிறகு, என் அவ்வாவின் வழக்கைப் பிழை என்று நினைப்பதை விட்டேன்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதம் இது: நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்புறம் வீட்டில் சொல்வது, வலப்புறம் பொது வழக்கில் சொல்வது. இடப்புறத்தை ஒருபோதும் அடிக்காதீர்கள். வலப்புறம் வெளியூர்ப் பயணத்துக்கு உடுத்தும் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலேயே வீட்டில் ஒன்றும் மேடையில் ஒன்றும் பேசிப் பழகிய நமக்கு இது புதிய வித்தை அல்ல.

இரண்டாவது ஏற்பாடு, வீட்டாரோடு. ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் கூடியிருக்கும் கூடத்தில் தொடங்க வேண்டாம். அவரிடம் வெளிப்படையாக மூன்று வேண்டுகோள்கள் வையுங்கள்: பத்து நிமிடம் சிரிக்கக் கூடாது, நான் திணறினாலும் தமிழுக்கு மாறக் கூடாது, பேச்சின் நடுவில் திருத்தாமல் முடிந்த பிறகு ஒரே ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டாவதுதான் கடினம். பெரியவர்கள் இரக்கப்பட்டே தமிழுக்கு மாறிவிடுவார்கள். என் அவ்வாவுக்கு நான் சொன்ன உபாயம், எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்பது. அதற்கு அவர், அப்படியென்றால் நீ எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டார். ஆனால் தெலுங்கில் கேட்டார்.

பிழை திருத்தத்தில் ஒரு சிறு எச்சரிக்கை. தெலுங்கில் ஒரு பெண் வந்தாள் என்பதற்கு ‘ஆமெ வச்சிந்தி’ என்பார்கள். அது வந்தது என்பதற்கும் அதே வினைமுற்றுதான். தமிழ்க் காதுக்கு இது பெண்ணை அஃறிணையாக்குவதுபோல் படும். நான் வலிந்து வேறு வினைமுற்று தேடிப் பல வாரங்கள் குழம்பினேன். மரியாதை வேண்டும் இடத்தில் ‘வச்சாரு’ என்று பன்மையில் சொல்லிவிடலாம். வீட்டு மொழியின் விதிகளைத் தமிழின் அறத்தால் அளக்காமல், பேசுபவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே முதலில் திருப்பிச் சொல்லுங்கள்.

எழுத்து: ஆறு வாரத்தில் முடித்துவிடுங்கள்

எழுத்தைத் தள்ளிப்போடுவது பலர் செய்யும் பிழை. தமிழ் எழுத்தில் எழுதித் தெலுங்கு படிக்க ஓரளவுக்குத்தான் முடியும். நம்முடைய ஒரே ககரத்துக்கு அங்கே நான்கு எழுத்துகள். கீர்த்தனைப் புத்தகங்களில் தமிழ் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று எண்ணிட்டுச் சமாளிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இங்கேதான் பல மொழிகளை ஒருசேரக் கற்பதன் ஆதாயம் தெரியும். இந்தியின் தேவநாகரியும் தெலுங்கும் ஒரே வரிசையில் அமைந்தவை: வல்லினம் ஒவ்வொன்றும் நான்காகி, பின் மெல்லினம். இந்திக்காக அந்த வரிசையை நாக்கில் ஏற்றிய பிறகு தெலுங்குக்குப் புதிய வடிவங்களை மட்டும் கற்றால் போதும். நாளுக்கு இரண்டு எழுத்து. ஞாயிறு அன்று புதிது எதுவும் இல்லை. எழுத்தின் தலையில் வரும் சிறு கொம்பைத் தலகட்டு என்பார்கள், உயிர்மெய் வரிசையைக் குணிந்தம் என்பார்கள், ஒற்றுக்கு அடுத்த மெய் கீழே தொங்குவதை ஒத்து என்பார்கள். ஒத்துகளை ஐந்தாவது வாரத்துக்கு ஒதுக்கிவையுங்கள். முதல் வாரத்திலேயே அவற்றோடு மல்லுக்கு நின்றால் வெறுத்துப்போகும்.

ஆறு வாரம் முடிந்ததும் படிக்க வேண்டியது கதைப் புத்தகம் அல்ல. பேருந்துப் பலகை, மருந்துக் கடைப் பெயர், ஈநாடு போன்ற நாளிதழின் தலைப்புச் செய்தி மட்டும். திருப்பதிக்குப் போகும் வழி இதற்கு உகந்த வகுப்பறை. மாநில எல்லை தாண்டியதும் பலகைகள் மாறத் தொடங்கும். ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் தெரிந்தவை என்பதால் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விடை கிடைத்துவிடும். இசை பயில்பவர்களுக்கு இன்னொரு வாசல் உண்டு. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகள் நமக்கு வாய்ப்பாடமாக இருக்கின்றன. பாடத் தெரிந்த ஒன்றைத் தெலுங்கு எழுத்தில் பார்த்துப் படித்தால் வேகம் கூடும். ஆனால் அது இருநூறு ஆண்டு முந்தைய பக்திப் பாடல் மொழி என்பதை மறந்து, அதே நடையில் ஆட்டோக்காரரிடம் பேசிவிடாதீர்கள்.

மொழிகள் ஒன்றோடொன்று மோதும்போது

மூன்றாவது மாதத்தில் ஜெர்மன் வகுப்பில் வாயைத் திறந்தால் இந்தி வரும். இதை முன்னேற்றமின்மை என்று நினைத்து வருந்துபவர்கள் பலர். எனக்குத் தெரிந்து பல மொழி கற்கும் எல்லோருக்கும் இது நேர்கிறது. இடத்தையும் நேரத்தையும் பிரித்துவைப்பது உதவும்: ஜெர்மன் காலையில் மேசையில், இந்தி கடைக்கு நடக்கும்போது, தெலுங்கு இரவில் தொலைபேசியில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடனே தாவாமல் நடுவில் ஒரு காபிக்காவது இடம் விடுங்கள்.

உண்மையான ஆபத்து ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்களில் இருக்கிறது. அவசரம் என்றால் நமக்கு வேகம். தெலுங்கில் அதே சொல்லுக்குத் தேவை என்று பொருள். இந்தியில் ‘அவ்சர்’ வாய்ப்பு. உபந்நியாசம் நமக்குக் கோயில் சொற்பொழிவு, தெலுங்கில் எந்தச் சொற்பொழிவும், இந்தியில் நாவல். ‘சிக்ஷா’ இந்தியில் கல்வி. தெலுங்கில் ‘சிக்ஷ’ தண்டனை. (எங்கள் பள்ளியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்ததில்லை.) இவற்றுக்கென்று நோட்டின் கடைசியில் நான்கு பத்திகள் கொண்ட ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சோர்வான நாட்களில் வேறெதுவும் செய்யத் தோன்றாவிட்டாலும் இந்தப் பக்கத்தைப் புரட்டத் தோன்றும்.

மோதலைப் போலவே துணையும் உண்டு. ஜெர்மனில் காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதை ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் பெரிய தொல்லையாகச் சொல்வார்கள்; வினையை எப்போதும் கடைசியில் வைத்தே பேசும் நமக்கு அது சொந்த வீட்டுக்குத் திரும்பியதுபோல் இருக்கும். அதன் மூன்று பால்கள்தாம் தொல்லை. பெயர்ச்சொல்லை ‘டெர், டீ, டாஸ்’ சேர்த்தே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நின்றுபோனால் திரும்புவது எப்படி

நின்றுபோகும். காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, வீட்டில் ஒரு விசேஷம் என்று ஏதாவது வரும். அதை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துக்கொண்டு, திரும்பும் வழியைச் சோர்வு வருமுன் எழுதி வைப்பதே நல்லது.

மறதியை முதன்முதலில் முறையாக அளந்த ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி கற்று, அந்த அளவுகளை 1885இல் வெளியிட்டார். அவர் காட்டிய மறதியின் வேகம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் அதை அளந்த முறை, மறந்ததாகத் தோன்றியதைத் திரும்பக் கற்க முதல் தடவையைவிட எவ்வளவு குறைந்த நேரம் ஆகிறது என்று பார்ப்பதுதான். இரண்டு மாதம் விட்ட ஜெர்மனுக்குத் திரும்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாகத் தோன்றுவது உணர்வுதான், கணக்கு அல்ல.

சொல் அட்டைகள் வைத்திருப்பவர்களுக்கு: அட்டைகளைத் தெரிந்த அளவுக்கேற்பப் பெட்டிகளில் பிரித்துத் திரும்பப் பார்க்கும், செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய பெட்டி முறையோ இன்றைய ஆன்கி செயலியோ, தேர்வு மொழிக்கு மிக நன்று. விட்டுவிட்டுத் திரும்பும்போது செயலி ‘இன்று 640 அட்டைகள் பாக்கி’ என்று காட்டும். அந்த எண்ணைப் பார்த்து மூடியவர்கள் திரும்பத் திறப்பதில்லை. பாக்கியைத் தீர்க்க முயலாதீர்கள். நாளுக்கு முப்பது என்று வரம்பு வைத்து, மீதியை மறைத்துவிடுங்கள். பாடநூலில் நிறுத்திய பக்கத்துக்குப் போகாமல் மூன்று பாடம் பின்னே போய், எளிதாக வருவதை ஒரு வாரம் செய்யுங்கள்.

வீட்டு மொழிக்கு அட்டையே வேண்டாம் என்பது என் முடிவு. அங்கே திரும்பும் வழி வேறு. எத்தனை மாதம் விட்டிருந்தாலும், இரவு ஏழு மணிக்கு, தொலைக்காட்சித் தொடர் தொடங்குமுன் அவ்வாவுக்குத் தொலைபேசியில் பேசி ‘ஏமி கூர அவ்வா?’ என்று கேட்பேன். இன்று என்ன குழம்பு என்பதற்கு மேல் அதில் பொருள் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்று அவர் ஐந்து நிமிடம் திட்டுவார். அந்தப் பக்கத்துச் சொற்கள் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் ஒன்றுவிடாமல் புரியும். அதன் பிறகு கத்தரிக்காயின் விலை, பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி என்று பேச்சு போகும்போது தெரியாத சொல் ஒன்றோ இரண்டோ வந்து விழும். கையருகே நோட்டு இருந்தால், இடப்புறத்தில் எழுதிக்கொள்வேன்.